கேள்வித்தாளுக்கு முன்னால் பட்டியலைப் பாருங்கள்

கோலாலம்பூரில் திட்ட மதிப்பீட்டாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. உணவுப்பை, டியூஷன், சிறுதொழில் உதவி என்று ஓர் அமைப்பு செலவு செய்த பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, அதனால் என்ன மாறியது என்று விசாரித்துச் சொல்பவர்கள்தான் மதிப்பீட்டாளர்கள்.

கொரோனாவால் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் நேரில் போக வழியில்லை. போனிலேயே விசாரித்தோம். ஓர் அடுக்குமாடியில் உணவுப்பை கொடுத்த திட்டத்தை நான் மதிப்பிட்டபோது, பேசியவர்கள் எல்லாருமே "பை கிடைத்தது, நன்றி" என்றார்கள். அறிக்கை அழகாக வந்தது.

ஆணை தளர்ந்தபின் அந்த மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனேன். பைகளைக் கீழ்த்தளத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் பழுது. மேல்மாடியில் முழங்கால் வலியோடு தனியாக ஒரு பாட்டி. சரி, இறங்க முடியவில்லை போலும் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. வயது முழுக்க இந்த நாட்டில்தான், ஆனால் குடியுரிமை இல்லை. அமைப்போ, குடிமக்களுக்கான அரசு உதவிப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. அதில் பாட்டி பெயர் எப்படி வரும்? பெயர் இல்லாதவருக்கு நாங்களும் போன் போடவில்லை. தவறு என்னுடையதும்தான்.

ஒரு திட்டத்தை எடைபோட, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு (OECD) வகுத்த அளவுகோல்களைத்தான் எங்கள் துறை பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2019-இல் ஒத்திசைவு, அதாவது திட்டம் மற்ற முயற்சிகளோடு பொருந்துகிறதா என்பது, சேர்ந்து அவை ஆறாயின. சமத்துவத்துக்கு அதில் தனி இடம் இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் நாமே தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் என் வகுப்பில் முதல் நாள் விசாரணைக்கான கேள்வித்தாளைத் தயாரிக்க விடுவதில்லை. உதவி பெற்றவர்கள் பட்டியலைக் கொடுத்து, இதில் யார் இல்லை என்று கேட்பேன். ஒரே போனை மூன்று பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்பவர், வாடகை வீட்டில் உள்வாடகைக்கு இருப்பவர், வெளிநாட்டுத் தொழிலாளி என்று மெல்ல வரும்.

அந்த ஆறில் ஒன்றான நீடிப்புத்தன்மை என்றதும் "திட்டம் இன்னும் நடக்கிறதா?" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. நெருக்கடியில் அது சரியான கேள்வி இல்லை. உணவுப்பை காலத்துக்கும் வர வேண்டியதில்லையே. 2021-இல் உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாக வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி தொங்கியபோது முதலில் ஓடிவந்தவர்கள் அக்கம்பக்கத்தார். அடுக்குமாடிப் பெண்கள் கூடிச் சமைத்த இடத்தில் வெளியாள் சாப்பாட்டை இறக்கினால் அவர்கள் அடுப்பு அணைகிறது. அப்புறம் திட்டமும் கிளம்பிவிடும். திட்டம் போனபின் அந்த அடுப்பு எரிகிறதா என்று கேட்காத அறிக்கைகள் ஏராளம்.

போன வகுப்பில் ஒருவர் கேட்டார்: "விசாரிக்க மூன்றே நாள், லிஃப்டும் பழுது. என்ன செய்வது?"

பத்துப் பேரைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேல்மாடியில் தொடங்குங்கள் என்றேன்.