யூரோபிலினோஜன்: பெயரில் சிறுநீர், பிறப்பில் குடல்

சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில் சர்க்கரை, புரதம் என்று வரிசையாக வரும். நடுவில் ‘யூரோபிலினோஜன்’ என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் ‘இயல்பு’ என்று போட்டிருப்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

பெயரைப் பிரித்தால் மூன்று துண்டு. ‘ஊரோன்’ என்றால் கிரேக்கத்தில் சிறுநீர். ‘பிலிஸ்’ லத்தீனில் பித்தநீர். ‘ஜென்’ மறுபடியும் கிரேக்கம், தோற்றுவிப்பது. ஆக, யூரோபிலினைத் தோற்றுவிப்பது. அந்த யூரோபிலின் என்ற மஞ்சள் நிறமியை 1868இல் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் மாக்ஸ் யாஃபே சிறுநீரில் கண்டறிந்தார். பார்த்த இடம் பெயராகிவிட்டது. யூரோபிலினோஜன் உருவாகும் இடமோ குடல். உருவாக்குவது அங்கே குடியிருக்கும் பாக்டீரியா.

ஆரம்பம் ரத்தத்தில். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது சிதையும்போது அதற்குச் சிவப்பு நிறம் தரும் ‘ஹீம்’ என்ற பொருள் முதலில் பச்சை நிற பிலிவெர்டின் ஆகும், அப்புறம் மஞ்சள் நிற பிலிரூபின். அடிபட்டுக் கன்றிய இடம் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி மறையும் அல்லவா? தோலுக்கடியில் நடப்பதும் இதேதான். கல்லீரல் பிலிரூபினோடு குளுகுரோனிக் அமிலத்தைச் சேர்த்து, நீரில் கரையும்படி செய்து, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. பாக்டீரியா அந்த அமிலத்தைக் கழற்றிவிட்டு, பிலிரூபினில் ஹைட்ரஜனை ஏற்றுகிறது. நிறம் போய்விடுகிறது. அந்த நிறமற்ற பொருள்தான் யூரோபிலினோஜன். இதைச் செய்யும் நொதி பிலிரூபின் ரிடக்டேஸ் என்பது 2024இல்தான் வெளியானது. பிறந்த குழந்தைகள் பலரின் குடலில் இந்த நொதியுள்ள பாக்டீரியா இன்னும் குடியேறியிருக்காது.

குடலில் தங்கும் பெரும்பகுதி ஸ்டெர்கோபிலினாகி மலத்துக்குப் பழுப்பு நிறம் தருகிறது. ‘ஸ்டெர்கஸ்’ என்றால் லத்தீனில் சாணம். ஒளிவுமறைவே இல்லாத பெயர். பித்தக்குழாய் அடைத்துக்கொண்டால் மலம் களிமண்போல் வெளுப்பது இதனால்தான். இன்னொரு பகுதி ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்கே திரும்ப, அதில் சிறிதளவு சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது.

சரி, தமிழில்? ஸ்டெர்கோபிலினுக்கு ‘மலப் பித்தநிறமி’, யூரோபிலினுக்கு ‘சிறுநீர்ப் பித்தநிறமி’ என்பதில் சிக்கல் இல்லை. யூரோபிலினோஜனையும் நிறமி என்றால் தவறு. அதற்குத்தான் நிறமே இல்லையே. ‘பித்தநிற மூலம்’ என்று சொல்லிப் பார்த்தேன். குடலைப் பற்றிய பேச்சில் ‘மூலம்’ என்றால் வாசகர் வேறு நோய்க்குப் போய்விடுவார்! ‘பித்தநிற முன்னி’ என்பதே என் தேர்வு: நிறத்துக்கு முன்பு வருவது. பிடித்துவைத்த சிறுநீர் வெளிச்சத்திலும் காற்றிலும் கிடந்தால், முன்னி நிறமியாகி மஞ்சள் அடர்ந்துவிடும். ஆய்வகத்தில் அப்போது பிடித்த மாதிரியைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.