பேட்டரி: மின்கலமா, மின்கல அடுக்கா?

சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் எங்கள் கார் செல்ஃப் எடுக்கவில்லை. மெக்கானிக் வந்தார். பேட்டரியின் மூடிகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தார். "மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், ஒரு செல்லு போச்சு" என்றார். இருப்பது ஒரே பேட்டரி, அதில் மற்றது எது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சொல்லைத் தேடிப் போன பிறகுதான் விளங்கியது.

அடிப்பது என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் பேட்டரி. கோட்டைச் சுவரை அடித்து நொறுக்கும் பீரங்கிகளுக்கும், சேர்ந்து சுடுவதற்காக வரிசையில் நிறுத்திய பீரங்கித் தொகுதிக்கும் அது பெயரானது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1749-இல் எழுதிய கடிதத்தில் அதை மின்சாரத்துக்குக் கொண்டுவந்தார். இருபுறமும் ஈயத் தகடு ஒட்டிய 11 கண்ணாடிப் பலகைகளைச் சேர்த்து இணைத்து, அதற்கு மின்சார பேட்டரி என்று பெயரிட்டார். ஆக, பேட்டரி என்றாலே தொகுதிதான். தனியாக நிற்கும் ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

தமிழில் அந்தத் தனி ஒன்றின், அதாவது செல்லின், பெயர் மின்கலம். கலம் பழைய சொல். பாத்திரமும் கலம்தான், கப்பலும் கலம்தான், அணிகலனிலும் இருப்பது அதுதான். சுடாத மண்பாண்டத்தைக் குறள் 'பசுமண் கலம்' என்கிறது. அமிலத்தைத் தாங்கி நிற்கும் ஓர் அறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. பல கலங்கள் சேர்ந்தால் மின்கல அடுக்கு. இலங்கைத் தமிழில் மின்கலவடுக்கு என்று சேர்த்தே எழுதுவார்கள். இந்த 'அடுக்கு' எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. 1800-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா செய்தது உண்மையிலேயே ஓர் அடுக்குதான்: வெள்ளி வட்டு, துத்தநாக வட்டு, உப்புநீரில் நனைத்த அட்டை, மறுபடி வெள்ளி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்தார். பீரங்கி நினைவைச் சுமக்கும் ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

செய்திகளில் காரின் பேட்டரியையும் 'மின்கலம்' என்றே எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. கிராமத்தில் "மூணு கட்டை லைட்டு" என்று டார்ச்சுக்குள் இருப்பதை எண்ணிச் சொன்னவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். பேச்சில் பேட்டரி என்றே சொல்லலாம், தவறில்லை. எழுதும்போது காரில் இருப்பதை மின்கல அடுக்கு என்று எழுதுங்கள்.

கார் பேட்டரிக்குள் இருப்பவை 6 ஈய-அமிலக் கலங்கள். 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த வகை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். முழுக்க சார்ஜ் ஏறியிருந்தால் ஆறும் சேர்ந்து 12.6. பராமரிப்பையும் இந்த ஆறை மனதில் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒரு மூடியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு "தண்ணி இருக்கு" என்று மூடினால் மற்ற ஐந்தும் எப்படி இருக்கின்றன என்று தெரியாது. ஆறிலும் தகடுகள் முழுகியிருக்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆவியாகவும் வாயுவாகவும் போவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. குழாய்த் தண்ணீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும். சார்ஜ் ஏறிய கலத்தில் ஹைட்ரோமீட்டர் பொதுவாக 1.25 முதல் 1.28 வரை காட்டும். ஐந்து கலங்கள் ஒரே அளவில் இருக்க, ஒன்று மட்டும் 0.05-க்கு மேல் இறங்கியிருந்தால் அதுதான் போன செல். எங்கள் மெக்கானிக் பார்த்தது இதைத்தான்.

கம்பிகள் மாட்டியிருக்கும் டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துலக்கலாம். கலத்துக்குள் அது ஒரு சொட்டும் போகக் கூடாது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். பக்கத்திலேயே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், வெடிக்கும். இதில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

இப்போது வரும் பல பேட்டரிகளுக்குத் திறக்க மூடியே கிடையாது. அவற்றுக்கு வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர்தான் வழி. வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு பாருங்கள். 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. நன்றாக சார்ஜ் ஏற்றியும் 10.5 பக்கமே நின்றால், ஆறில் ஒரு கலம் செத்திருக்க வாய்ப்பு அதிகம்.