தன் கூச்சல் வலிக்காது, மிக்ஸி சத்தம் வலிக்கும்: ஆட்டிசக் குழந்தையின் காதுக்குள் நடப்பது என்ன?

நாள் முழுக்க வீடே அதிரும்படி கூச்சலிடுகிறது ஒரு குழந்தை. பாத்திரத்தைத் தரையில் தட்டித் தட்டி மகிழ்கிறது. மிக்ஸியைப் போட்டதும் அதே குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறி ஓடுகிறது. "இவ்வளவு சத்தம் போடுகிறவனுக்கு இது மட்டும் வலிக்குமா? எல்லாம் அடம்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அது அடம் இல்லை. தான் எழுப்பும் சத்தமும் வெளியிலிருந்து வரும் சத்தமும் மூளைக்கு ஒன்றல்ல.

ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக 1943-இல் விவரித்தவர் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர். 11 குழந்தைகளைப் பற்றிய அந்தக் கட்டுரையிலேயே இந்தப் புதிர் இருக்கிறது. லிஃப்ட், வாக்குவம் கிளீனர், ஓடும் தண்ணீர், முட்டை அடிக்கும் கருவி, சில நேரம் காற்றுகூடக் குழந்தைகளைக் கலங்கடித்தன. ஆனால் அதே அளவு சத்தத்தைக் குழந்தை தானே எழுப்பும்போது மகிழ்ந்தது. தன் தனிமைக்குள் சத்தம் அத்துமீறி நுழைவதைத்தான் குழந்தை வெறுக்கிறது என்று கானர் விளக்கினார். அவர் கவனித்தது இன்றும் சரி. விளக்கம்தான் மாறிவிட்டது. ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக, மனநல மருத்துவர்கள் நோய் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்மில் ஏறியது 2013-இல், அதன் ஐந்தாம் பதிப்பில்தான். இந்த இடைப்பட்ட 70 ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கும்!

கத்தும்படி தசைகளுக்கு ஆணை போகும்போதே, அந்த ஆணையின் நகல் ஒன்று மூளையின் கேட்கும் பகுதிக்கும் போய்விடுகிறது. வரப்போகும் சத்தம் நம்முடையது என்று முன்பே தெரிந்துவிடுவதால், அந்தப் பகுதி அதற்கு அடங்கியே பதில் தருகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதே காரணத்தால்தான். மூளை ஆய்வாளர் சாரா ஜேன் பிளேக்மோரும் உடன் பணியாற்றியவர்களும் 1998-இல் மூளைப் படங்கள் எடுத்து, இந்த முன்னறிவிப்பில் சிறுமூளைக்குப் பங்கு இருப்பதைக் காட்டினார்கள். பின்னர் ஆஸ்பெர்கர் (இன்று ஆட்டிசத்துக்குள்ளேயே சேர்க்கப்படும் நிலை) என்று கண்டறியப்பட்ட பெரியவர்களிடமும் இது சோதிக்கப்பட்டது. பிறரைவிட அவர்களுக்குத் தொடுகை அதிகமாகவே உறைத்தது. ஆனால் தானே தொடும்போது அது மட்டுப்படுவது எல்லோருக்கும் போலவே நடந்தது. ஆக, அந்தச் சோதனையின்படி, தொடுகையிலாவது இந்த நகல் வழி ஆட்டிசத்திலும் வேலை செய்கிறது. பெரிய சிக்கல் வெளியிலிருந்து வருவதில் இருக்கிறது போலும்.

வெளிச் சத்தத்துக்கு நகல் ஆணை கிடையாது; மூளை அதைப் பழகித்தான் அடக்க வேண்டும். மின்விசிறியைப் போட்ட சில நிமிடங்களில் அதன் ஓசை காதில் விழாமல் போவது இந்தப் பழக்கத்தால்தான். புலன் கூர்மை மிகுந்த ஆட்டிசக் குழந்தைகளுக்கு மூளைப் படம் எடுத்துப் பார்த்தால், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டாலா என்ற பகுதி இப்படி எளிதில் தணிவதில்லை. ஐந்தாவது முறை வரும் சத்தமும் ஏறக்குறைய முதல் முறை போலவே உறைக்கிறது. எலிசபெத் பெலிகானோவும் டேவிட் பர்ரும் 2012-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள்: முந்தைய அனுபவத்தை வைத்து உலகத்தை ஊகிப்பதற்கு ஆட்டிச மூளை குறைந்த எடையே தருகிறது, அந்தந்தக் கணத்தில் புலன்கள் கொண்டுவருவதையே அதிகம் நம்புகிறது. இது இன்னும் விவாதத்தில் இருக்கும் கருத்துதான். ஆனாலும் வீட்டில் பார்ப்பதோடு நன்றாகப் பொருந்துகிறது. சத்தமே போடாத பலூனைப் பார்த்து நடுங்கும் குழந்தைகள் உண்டு. பலூன் எந்த நொடியில் வெடிக்கும் என்று தெரியாதே, அதுதான் பயம்.

எனவே சத்தத்தின் அளவு பாதிதான். அது எப்போது வரும், எப்போது நிற்கும், நிறுத்த யாரால் முடியும் என்பது மறுபாதி. ஒலியைக் குறைப்பது எப்போதும் நம் கையில் இல்லை. முன்கூட்டித் தெரிவிப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

மிக்ஸியையே எடுத்துக்கொள்ளுங்கள். போடுவதற்கு முன் குழந்தை இருக்கும் இடத்துக்குப் போய், கருவியின் படத்தைக் காட்டி, "மிக்ஸி, சத்தம்" என்று சொல்லுங்கள். தொலைவில் நின்று கத்திச் சொன்னால் அதுவும் இன்னொரு எதிர்பாராத சத்தமாகிவிடும். பிறகு ஐந்திலிருந்து கீழே எண்ணுங்கள், ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில். ஒன்று என்றதும் போட வேண்டும். இரண்டில் போட்டுவிட்டால் மறுநாள் அந்த எண்ணிக்கையைக் குழந்தை நம்பாது. ஓடும் நேரத்தைப் பத்து நொடிகளாகப் பிரித்து நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். விருப்பமிருந்தால் சுவிட்சைக் குழந்தையே போடட்டும். அப்போது மிக்ஸி சத்தமும் ஓரளவு தானே எழுப்பிய சத்தமாகிவிடுகிறது. தூரமும் உதவும்: திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது. கதவை மூடுவதும் கருவிக்கு அடியில் தடித்த துணி விரிப்பதும் அதை ஈடுகட்டும்.

பொதுக் கழிப்பறையின் கை உலர்த்தும் கருவி தனி ரகம். கனடாவில் ஒரு பள்ளி மாணவி அளந்து பார்த்து 2019-இல் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், சில கருவிகள் குழந்தைகளின் காது உயரத்தில் 100 டெசிபெல்லைத் தாண்டின. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். போதாததற்கு அது யார் கையை நீட்டினாலும் தானாகவே அலறும். தானாக நீர் ஊற்றும் கழிப்பறை என்றால், ஒட்டும் காகிதத் துண்டு ஒன்றால் சென்சாரை மூடிவிட்டு, வேலை முடிந்து குழந்தை வெளியே போனதும் எடுத்துவிடலாம்.

காதுக்கவசம் 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். தயங்காமல் வாங்குங்கள், ஆனால் நாள் முழுக்க மாட்டிவைக்காதீர்கள். செவித்திறன் இயல்பாக உள்ளவர்கள் தொடர்ந்து சில வாரங்கள் காதடைப்பான் போட்டபோது, சத்தத்தைத் தாங்கும் அளவு அவர்களுக்குக் குறைந்தது. உள்ளே வரும் ஒலி குறைந்தால் மூளை தன் ஒலிப்பெருக்கியைக் கூட்டிக்கொள்கிறது. கடைவீதி, பள்ளி மணி, விழாக்கூடம் என்று தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் மாட்டி, அமைதியான இடத்தில் கழற்றுவது நல்லது. கவசத்தோடு சாலையைக் கடக்கும்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வண்டிச் சத்தமும் அதற்குச் சரியாகக் கேட்காது. இதற்கெல்லாம் முன் ஒரு முறை செவித்திறன் சோதனை செய்துவிட வேண்டும். திடீரென்று புதிதாகக் காதைப் பொத்தத் தொடங்கினால் காதில் சீழ், பல்வலி போன்றவற்றைத் தேடுங்கள். பேச்சு வராத குழந்தை வலியை வேறு எப்படிச் சொல்லும்?

"பழகினால் சரியாகிவிடும்" என்று குழந்தையின் கைகளைப் பிடித்து இழுத்துக் காதைத் திறந்துவைப்பது மிக மோசமான தவறு. அச்சத்தின் உச்சியில் மூளை பழகுவதில்லை. அந்தச் சத்தத்தையும், பிடித்த கையையும் சேர்த்து ஆபத்து என்று எழுதிவைத்துக்கொள்கிறது. பழக்க வேண்டுமென்றால் பதிவு செய்த ஒலியில் தொடங்குங்கள். போன் குழந்தையின் கையில் இருக்கட்டும். மிகக் குறைந்த ஒலியில் ஒன்றிரண்டு நிமிடம், முகம் சுருங்கும் முன்பே நிறுத்த வேண்டும். பல நாள் விளையாட்டு தடைபடாமல் போன பிறகே ஒரு படி ஏற்றுங்கள். அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) உடனிருந்தால் இன்னும் நல்லது.

பெற்றோரைக் குழப்புவது இன்னொன்று: நேற்று தாங்கிய சத்தம் இன்று ஏன் வெடிக்க வைக்கிறது? சுமை கூடிக்கொண்டே போகிறது என்பதே விடை. சரியாகத் தூங்காத இரவு, கழுத்தில் உறுத்தும் சட்டை லேபிள், பழைய சோக்கு மாட்டிய டியூப் லைட் நொடிக்கு 100 அல்லது 120 முறை துடிப்பது, பசி என எல்லாம் ஒரே கணக்கில் சேர்கின்றன. பசி, சிறுநீர் முட்டுவது போன்ற உள் உணர்வுகள் பல ஆட்டிசக் குழந்தைகளுக்குத் தெளிவாகப் பிடிபடுவதில்லை. வெறும் தொந்தரவாக மட்டும் உறைக்கும். நாம் பார்ப்பது கடைசியாக வந்த ஒன்றை மட்டும். அதனால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: நேரம், இடம், அதற்கு முந்தைய அரை மணியில் நடந்தவை, முந்தைய இரவுத் தூக்கம், கடைசியாகச் சாப்பிட்டது, மலச்சிக்கல் உண்டா. "காரணமே இல்லாமல்" என்று மட்டும் எழுதாதீர்கள். பத்துப் பதிவுகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு நேரமோ ஓர் அறையோ திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சுமை வழிந்தால் வருவதுதான் மெல்ட்டவுன். அடம் பிடிக்கும் குழந்தை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்தால் அடங்கும். மெல்ட்டவுனில் எதைக் கொடுத்தாலும் நிற்காது, யாரும் இல்லாத அறையிலும் நடக்கும். அந்த நேரத்தில் பேச்சும் ஒரு சத்தம்தான். கேள்வி கேட்காதீர்கள், "ஏன்" வேண்டவே வேண்டாம். "இங்கே இருக்கிறேன்" போல இரண்டு சொல் போதும். விளக்கை அணையுங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள், தலை மோதக்கூடிய இடத்தில் தலையணை வையுங்கள். மெல்லத் தடவிக்கொடுப்பது பலருக்கு எரிச்சலூட்டும். அழுத்தமான அணைப்பு சிலருக்கு இதம் தரும். எது பிடிக்கும் என்பதை அமைதியான நாளில் கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். உள்ளே எடை வைத்துத் தைத்த எடைப் போர்வையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தூக்கத்துக்கு அது உதவவில்லை என்று 2014-இல் வெளியான சோதனை காட்டியது, குழந்தைகளுக்கு அது பிடித்திருந்தபோதிலும். தானே விலக்கிக்கொள்ள முடியாத குழந்தைக்குப் போர்த்தவே கூடாது.

சில குழந்தைகள் வெடிப்பதில்லை, அணைந்துபோகிறார்கள். பேச்சு நின்றுவிடும், பார்வை நிலைத்துவிடும், மேசைக்கு அடியில் சுருண்டுவிடுவார்கள். வகுப்பில் இதை "நல்ல பிள்ளை, அமைதியாக இருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். சுமை அதேதான், உதவியும் அதேதான். இரண்டுக்கும் பிறகு களைப்பு மணிக்கணக்கில் நீடிக்கலாம். தண்ணீர், இருட்டு, விருப்பமான பொருள் போதும். நடந்ததைப் பற்றிய பேச்சு மறுநாளைக்கு இருக்கட்டும்.

பொது இடங்கள் இதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. சில நாடுகளின் கடைகளில் அமைதி நேரம் உண்டு: இசை நிறுத்தப்படும், விளக்கு மங்கலாக்கப்படும். ஒலிபெருக்கி அறிவிப்பை மறந்து ஒரு முறை போட்டாலும் அந்த மணி நேரம் கெட்டுவிடும். பள்ளிகள் தீயணைப்பு ஒத்திகையின் நாளையும் நிமிடத்தையும் பெற்றோருக்கு முன்பே சொல்லிவிடலாம். மணி ஒலிப்பதற்கு முன்பே குழந்தையை வெளியே அழைத்துச் சென்றுவிடலாம். கடையில் தரையில் கிடந்து அலறும் குழந்தையைப் பார்த்தால் கூட்டம் சேராதீர்கள், இனிப்பு நீட்டாதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள். பெற்றோரிடம் தாழ்ந்த குரலில் "என்ன செய்யட்டும்?" என்று ஒரு முறை கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது கதவு வரை ஒரு வழியும், கீழே விழுந்த பையை எடுத்து வைக்க ஒரு கையும்தான்.