சொல் விளக்கம்: எல்லை மீள்நிர்ணயம்

ஒரு சுரங்க உரிமைப் பகுதியின் எல்லையை அரசு தன் ஆணையால் சட்டப்படி மாற்றியமைப்பதை இலங்கையின் அலுவலகத் தமிழில் 'எல்லை மீள்நிர்ணயம்' எனலாம். மலையகத்தவருக்கு இத்தொடர் உள்ளூராட்சி வழியாகப் பழகியது. நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு 2018 இல் தேர்தல் நடந்த காலத்தில் எல்லை நிர்ணயம் என்பது பரவலாகப் பேசப்பட்டது.

நிர்ணயம் வடசொல், ஐயம் நீங்கிய முடிவு என்பது பொருள். 'சம்பள நிர்ணய சபை' என்ற பெயரில் தோட்டங்களில் நெடுங்காலமாகக் கேட்டுவரும் சொல்தான் அது. சம்பளத்தில் ஒரு தொகை முடிவாகிறது என்பதால் அங்கே அது பொருந்தும். நிலத்திலோ ஒரு கோடு அழிக்கப்பட்டு இன்னொன்று இழுக்கப்படுகிறது. அதற்குத் தமிழில் 'வரை' இருக்கிறது. வரைதல் என்றால் கோடு இழுத்தல். வரை என்றால் எல்லை. மலைக்கும் வரை என்றே பெயர். வரையாடு என்பது மலையாடு. மலையையும் எல்லையையும் ஒரே சொல்லால் குறித்த மொழி, மலையில் வாழும் நமக்கு இரவல் சொல் தேட வேண்டிய தேவையை வைக்கவில்லை. ஆகவே 'எல்லை மறுவரையறை' என்பதே என் தெரிவு. தமிழகத்தில் தேர்தல் தொகுதிகளுக்கு இச்சொல்லே வழங்குகிறது.

ஆங்கிலத்தில் 'கன்செஷன்' எனப்படும் உரிமைப் பகுதிக்கான சொல்லில்தான் பெரிய பிழை நேர்கிறது. பஸ் கட்டணக் 'கன்செஷன்' சலுகை என்பதால், சுரங்கத்துக்கும் 'சலுகை' என்றே எழுதிவிடுகிறார்கள். விட்டுக்கொடுத்தல் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்த 'கன்செஷன்', இங்கே வழங்கப்பட்ட உரிமையைக் குறிக்கிறது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டப்படி, நிலம் எவருடையதாயினும் அதன் கனிப்பொருள் அரசுக்குரியது. அதைத் தோண்டும் உரிமையை அரசு குறித்த இடத்துக்கு, குறித்த காலத்துக்கு, நிபந்தனைகளோடு உரிமப்பத்திரமாக வழங்குகிறது. (இரத்தினக்கல்லுக்கு 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டம் தனியாக உண்டு.) மணல் அகழ்வு, மாணிக்கக்கல் அகழ்வு என்று நாம் அன்றாடம் சொல்வதால், 'அகழ்வு உரிமைப் பகுதி' எனலாம்.

அரச ஆணை வெளியாகும் ஏடு வர்த்தமானி. நிகழ்காலத்தைக் குறித்த வர்த்தமானம் என்ற வடசொல், தமிழில் செய்தி என்ற பொருளையும் பெற்றது. அதன் வழி வந்தது இது. தமிழகத்தில் அரசிதழ் என்பர். 1802 முதல் வெளிவரும் ஏட்டுக்கு இங்கே நிலைத்துவிட்ட பெயரை மாற்ற நான் விரும்பவில்லை.

அளத்தலும் மறுவரையறையும் ஒன்றல்ல. தோட்டத்தில் ஐந்தாம் நம்பர் தேயிலை மலைக்கும் ஆறாம் நம்பர் மலைக்கும் நடுவே ஒரு கான் (வடிகால்) ஓடுகிறது, அதுவே ஓர் உரிமைப் பகுதியின் வடக்கெல்லை என்று வைத்துக்கொள்வோம். மண் விழுந்து கான் மூடிப்போனால், நில அளவையாளர் பழைய வரைபடத்தை வைத்து அதே இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டுவார். அது எல்லை காட்டுதல். கான் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்க, ஆணையின் அட்டவணையில் 'வடக்கே: கான்' என்றிருந்த வரி, கானுக்கு அப்பாலுள்ள ஓடையைக் குறித்து 'வடக்கே: ஓடை' என்று மாறினால் அது மறுவரையறை. ஒரு மண்வெட்டியும் விழாமலே, கானுக்கும் ஓடைக்கும் இடைப்பட்ட தேயிலையும் மரக்கறித் தோட்டமும் உரிமைப் பகுதிக்குள் போய்விடும். அறிவித்தலில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், அங்கே பயிரிடுபவர் யாரோ அளக்கத்தான் வருகிறார்கள் என்று எண்ணி, ஆட்சேபிக்க வேண்டிய நாட்களில் பேசாமல் இருந்துவிடுவார்.