வயிறு திடீரென்று பெருத்தால் சர்க்கரையோடு நிறுத்திவிடாதீர்கள்

ஏழாம் மாதத்திலேயே வயிறு நிறைமாதம்போல் தெரிந்தால், பினாங்கில் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி "இரட்டைப் பிள்ளையா?" என்பதுதான். கிளினிக்கிலோ முதல் சந்தேகம் சர்க்கரை. இரண்டும் நியாயமே. பனிக்குட நீர் கூடினாலும் வயிறு பெருக்கும்; அதற்குக் கர்ப்பகால நீரிழிவு முக்கியக் காரணம். நம்மவர்களிடம் அது அதிகம். ஆனால் சர்க்கரை அளவு சரியாக இருந்தால் "பெரிய பிள்ளையாக இருக்கும்" என்று அனுப்பிவிடுவதை நான் ஏற்பதில்லை. நஞ்சுக்கொடியில் வளரும் கட்டியாலும் நீர் கூடலாம். அதனால் நஞ்சுக்கொடியை ஓரம் முதல் ஓரம் வரை ஸ்கேனில் பார்க்க வேண்டும். அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவதே பல இடங்களில் நடக்கிறது.

பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு, தொப்புள்கொடி சேரும் இடத்துக்கு அருகே உருண்டையாக, கருமையாக, தெளிவான விளிம்போடு ஒரு கட்டி தெரிந்தது. இரத்தக்கட்டாகவும் இருக்கலாம். இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரை இயக்கியதும் உள்ளே இரத்தம் ஓடுவது தெரிந்தது. அதுவும் தாயின் நாடி வேகத்தில் அல்ல, நிமிடத்துக்கு 140 என்ற குழந்தையின் இதயத் துடிப்பில். உறைந்த இரத்தத்தில் ஓட்டம் இருக்காது. இது கோரியோஆஞ்சியோமா, அதாவது குழந்தையின் இரத்தக்குழாய்களால் ஆன கட்டி.

"டாக்டர், புற்றுநோயா?" என்றார் மாமியார். இல்லையம்மா, இது பரவாது. சிறியவை நுண்ணோக்கியில் நூற்றில் ஒரு நஞ்சுக்கொடியில் காணப்படுபவை, தொல்லையும் தருவதில்லை. 4, 5 சென்டிமீட்டரைத் தாண்டியவைதான் அரியவை, ஆபத்தானவை. கட்டிக்கும் சேர்த்து இரத்தம் இறைக்க வேண்டியிருப்பதால் குழந்தையின் இதயம் களைக்கும். இரத்தசோகையும் உடல் வீக்கமும் வரலாம். நீர் மிகுந்து குறைப்பிரசவமும் ஆகலாம். அதனால் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம். குழந்தையின் மூளைத் தமனியில் இரத்த வேகம் அந்த வாரத்துக்குரிய நடு அளவைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் இரத்தசோகை என்று சந்தேகிப்போம். தேவைப்பட்டால் தொப்புள்கொடி வழியாகவே இரத்தம் ஏற்றலாம்.

நஞ்சுக்கொடியில் உண்மையான புற்றுநோயும் உண்டு: கோரியோகார்சினோமா. மிக மிக அரிது, ஸ்கேனில் பெரும்பாலும் பிடிபடாது. காரணமின்றி வெளிறிப் பிறக்கும் குழந்தை, பிரசவத்துக்குப் பின் நிற்காத இரத்தப்போக்கு, தாய்க்கு இருமலில் இரத்தம் ஆகியவை அதன் தடயங்கள். உடனே எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனுக்கான இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

நஞ்சுக்கொடியைக் கேட்டு வாங்கி வீட்டருகே புதைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. மதிக்க வேண்டிய வழக்கம்தான். ஆனால் ஸ்கேனில் கட்டி தெரிந்திருந்தால் முதலில் அது திசுப் பரிசோதனைக்குப் போகட்டும் என்று பிரசவ அறைக்குப் போகும் முன்பே சொல்லிவையுங்கள். அறிக்கையின் நகலைக் கர்ப்பிணிப் புத்தகத்தோடு பத்திரப்படுத்துங்கள். கோரியோஆஞ்சியோமா அடுத்த பிள்ளைக்கும் வருவது அபூர்வம்; ஆனாலும் அடுத்த முறை ஸ்கேன் எடுப்பவர் அந்த நகலைக் கேட்பார்.