கேம்பர்வேனுக்கு லித்தியம் பேட்டரி: வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் மெல்பனின் மேற்குப் புறநகரில் உள்ள எங்கள் பட்டறைக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் தொடங்கும்: "அண்ணா, எத்தனை ஏஎச் போட்டால் போதும்?" பழைய ஹையேஸ் வேனை வாங்கிப் படுக்கை, குளிர்பெட்டி, சின்னச் சமையல் மேடை என்று அமைத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே சில ஆண்டுகளாகப் பெருகிவிட்டன. அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஏஎச், அதாவது ஆம்பியர்-மணி என்ற அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து இணையத்தில் பேட்டரி வாங்கி, பிறகு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருபவர்களுக்கு நான் சொல்ல நேர்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேட்டரியில் எவ்வளவு கொள்ளும் என்பதைப் போலவே, அதிலிருந்து ஒரே நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம், அதற்குள் எப்படிச் செலுத்தலாம், அது எங்கே உட்காரப்போகிறது என்பவற்றையும் வாங்குவதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

சென்ற கோடையில் ஒரு தம்பி வந்தார். 100 ஏஎச் லித்தியம் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர், புத்தம் புதிய இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் அவரிடம் இருந்தன. வில்சன்ஸ் பிராமண்டரி தேசியப் பூங்காவில் முதல் நாள் மாலை அடுப்பை முழு வேகத்தில் வைத்ததும் வண்டியே இருண்டுவிட்டது. விளக்கும் இல்லை, குளிர்பெட்டியும் இல்லை. "பேட்டரி போலி போலிருக்கிறது அண்ணா" என்றார். பேட்டரி போலி இல்லை. 1800 வாட் அடுப்புக்கு இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 155 ஆம்பியர் ஓட வேண்டும். அந்தப் பேட்டரிக்குள் இருந்த பிஎம்எஸ் என்னும் காவல் பலகை தொடர்ச்சியாக 100 ஆம்பியருக்கு மேல் அனுமதிக்காது. தன் கடமையைச் செய்து கதவை மூடிவிட்டது. அவருடைய ரைஸ் குக்கர் 500 வாட்தான், அதாவது 43 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். அரை மணி நேரத்தில் சோறு வெந்துவிடும், செலவாவது 22 ஏஎச். அதே பேட்டரி குக்கருக்குப் போதும், அடுப்புக்குப் போதாது என்பது அட்டைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணிலிருந்து தெரிய வராது. உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில், "தொடர்ச்சியான வெளியேற்ற மின்னோட்டம்" என்ற ஒரு வரியில்தான் இருக்கும். முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

லித்தியம் என்பதே ஒரு குடும்பப் பெயர். மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் போன்றவற்றில் பெரும்பாலும் இருப்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை. எடைக்கு அதிக ஆற்றல் தரும், ஆனால் சூடேறிக் கட்டுமீறினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளிவிட்டு எரியக்கூடியது. நாம் படுத்துறங்கும் வண்டிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைப்பதில்லை. 2019-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் குடினஃபின் டெக்சாஸ் ஆய்வகத்திலிருந்து 1990-களின் பிற்பகுதியில் வெளிவந்த இந்த வேதிமத்தில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், நிக்கல் வகையைவிட உயர்ந்த வெப்பத்தில்தான் அது நிலைகுலையும். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட் வருவதால் பழைய 12 வோல்ட் கருவிகளோடும் இயல்பாகப் பொருந்திவிடும். இந்த வகை தீப்பிடிக்கவே பிடிக்காது என்று விற்பவர் சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். செல் பழுதாகிப் புகைந்தால் ஹைட்ரஜன் உள்ளிட்ட எரியும் வாயுக்கள் வெளிவரும். அவை மூடிய வண்டிக்குள் தேங்கி, எங்கோ ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. விபத்துக்குள்ளான மின்காரிலிருந்து கழற்றிய செல் தொகுதிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வருடத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். அந்த வேலையை நான் ஏற்பதில்லை.

எடைதான் லித்தியத்தின் பக்கம் பலரை இழுக்கிறது, அதில் நியாயமும் உண்டு. ஈய அமில வகையைச் சேர்ந்த 100 ஏஎச் ஏஜிஎம் பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். அதன் ஆயுள் கெடாமல் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால், உண்மையான 100 ஏஎச் வேண்டுமென்றால் 60 கிலோ சுமக்க வேண்டும். லித்தியத்தில் இதற்குப் 12 கிலோ அளவே ஆகும். தண்ணீர், எரிவாயு உருளை, குழந்தைகளின் சைக்கிள் என்று ஏற்றி ஏற்றி அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைத் தொட்டுவிட்ட வண்டிக்கு இந்த 48 கிலோ பெரிய விடுதலை.

சரி, எத்தனை ஏஎச் என்ற கேள்விக்கும் வருவோம். இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் உள்ள வழக்கமான குடும்பத்துக்கு, கோடையில் கம்ப்ரசர் குளிர்பெட்டி நாளொன்றுக்கு 40 ஏஎச் அளவு எடுக்கும். விளக்கு, தண்ணீர்ப் பம்பு, கைப்பேசிகள், மின்விசிறி, மடிக்கணினி எல்லாம் சேர்ந்து 25. ரைஸ் குக்கர் 22. சட்னிக்கு மிக்ஸியை ஐந்து நிமிடம் ஓட்டினால் 5 அல்லது 6. மொத்தம் 90-ஐ ஒட்டி வரும். வெயிலில்லாமல் இரண்டு நாள் ஒரே இடத்தில் தங்கும் பழக்கம் இருந்தால் 200 ஏஎச் நியாயமான அளவு. தினமும் வண்டி ஓட்டுபவருக்கு 100 ஏஎச்சிலேயே ஓடிவிடும். கூரையில் 200 வாட் சோலார் தகடு இருந்தால் மெல்பன் கோடையின் நல்ல நாளில் 70 ஏஎச் வரை வரலாம். ஜூன் மாதத்தில் படுக்கையாகப் பொருத்திய அதே தகடு அதில் மூன்றில் ஒரு பங்கு தந்தாலே பெரிது. கோடைக் கணக்கை வைத்துக் குளிர்காலப் பயணத்துக்குத் திட்டமிட்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

அடுத்தது உள்ளே செலுத்தும் வழி. "பழையதைக் கழற்றிவிட்டு அப்படியே மாட்டலாம்" என்ற விளம்பர வாசகத்தால் எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஈய அமிலப் பேட்டரி நிறைய நிறையத் தானாகவே குறைவாக வாங்கிக்கொள்ளும். லித்தியத்தின் உள் மின்தடை மிகக் குறைவு என்பதால், என்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கொடுப்பதையெல்லாம் கடைசி வரை இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டி நின்ற இடத்தில் மெதுவாக இயங்கும்போது விசிறியும் மெதுவாகச் சுழல, ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். போதாததற்கு, பேட்டரி நிறைந்ததும் பிஎம்எஸ் சட்டென்று தொடர்பைத் துண்டித்தால், அந்த நொடியில் எழும் மின்னழுத்தத் தாவல் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைக் கொன்றுவிடலாம். புதிய வண்டிகளில் சிக்கல் எதிர்த்திசையில் வரும்: எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கணினி இறக்கிவிடுவதால் லித்தியம் ஒருபோதும் நிறையாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவில், வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தி மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு ஏற்ப அமைக்கும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். அதில் லித்தியத்துக்கான அமைப்பு இருக்க வேண்டும். மின்னழுத்தம் பேட்டரித் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 14.2 முதல் 14.6 வோல்ட்டுக்குள், வைக்கப்பட வேண்டும். 25 ஆம்பியர் சார்ஜர் என்றால் 100 ஏஎச் நிறைய நான்கு மணி நேரப் பயணம் ஆகும், 40 ஆம்பியர் என்றால் இரண்டரை மணி. பேட்டரிக்குப் பணத்தையெல்லாம் செலவழித்துவிட்டு இதற்குக் கைவிரிப்பவர்களிடம், சிறிய பேட்டரியாக மாற்றிக்கொண்டு இதை வாங்கச் சொல்வேன்.

எங்கே வைப்பது என்பதில்தான் உண்மையான சங்கடம் இருக்கிறது. கேரவன், கேம்பர்வேன் மின்னமைப்புக்கான ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரம், 2022-இல் வெளியான ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2, லித்தியம் பேட்டரியை மனிதர் வசிக்கும் பகுதியில் திறந்தபடி வைப்பதை ஏற்பதில்லை. வைக்கும் பெட்டி உட்பக்கத்திலிருந்து முற்றிலும் அடைக்கப்பட்டு, அதன் காற்றுவழி வண்டிக்கு வெளியே போக வேண்டும் என்பது அதன் சாரம். கட்டிலுக்கு அடியில், துணிமணிகளுக்கு நடுவே பேட்டரியை வைத்துப் பட்டையால் கட்டிவிடும் பழைய வழக்கம் இனி எடுபடாது. அதனால் பலர் சட்டகத்தின் அடியில், வண்டிக்கு வெளியே பெட்டி தொங்கவிடுகிறார்கள். வாயு வெளியேறும் கவலை தீர்கிறது. குளிரும் கல்லடியும் புதிதாக வந்து சேர்கின்றன.

குளிரை இங்கே பலர் பொருட்படுத்துவதில்லை. ஆஸ்திரேலியா வெயில் தேசம்தானே என்ற எண்ணம். பனி பார்க்க மவுண்ட் ஹோதம் போய்வந்த ஒரு குடும்பத்தின் பேட்டரியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் சோதித்தேன். அடியில் தொங்கும் பெட்டி. இரவு முழுவதும் உறைநிலைக்குக் கீழே. காலையில் வண்டியைக் கிளப்பியதும் சார்ஜர் 40 ஆம்பியரை உள்ளே செலுத்தியிருக்கிறது. இந்த வகை செல்லை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் செல்லின் எதிர்முனையாக இருக்கும் கிராஃபைட்டுக்குள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும்; படிந்தது பெரும்பாலும் திரும்புவதில்லை, கொள்ளளவு போய்விடும், செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஏற்படும் அபாயமும் கூடும். 20 ஆம்பியர் சுமை வைத்து நான் அளந்தபோது ஐந்து மணி நேரம் ஓட வேண்டிய 100 ஏஎச் பேட்டரி மூன்றரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி நின்றது. அதன் பிஎம்எஸ்ஸில் குளிர்த் துண்டிப்பு இல்லை. வாங்கும்போது யாரும் அதைக் கேட்கவில்லை. பட்டியலிலும் அது எழுதியிருக்கவில்லை. ஆகவே தாழ்வெப்பத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலைப்பக்கம் அடிக்கடி போகிறவர் உள்ளேயே சூடேற்றும் தகடு உள்ள பேட்டரிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவாகாது. வெப்பத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: என்ஜின் மூடிக்கு அடியில் சாதாரண லித்தியம் பேட்டரியை வைக்கவே கூடாது.

விலை மலிவான பேட்டரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மூடியை அறுத்துத் திறந்து பார்த்தவற்றில், செல்களுக்கு நடுவே மெத்துப்பொருள் எதுவும் இல்லாமல் வெறும் ஒட்டுப்பட்டையால் சுற்றி வைத்திருந்ததையும், 100 ஆம்பியர் என்று எழுதிய பலகையிலிருந்து அதற்குப் போதாத மெல்லிய கம்பிகள் முனைக்குப் போவதையும் கண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் உட்பகுதி மண்பாதையின் வரிவரியான மேடுபள்ளத்தில் இருநூறு கிலோமீட்டர் அதிர்ந்தால் அந்தக் கட்டு என்ன கதிக்கு ஆளாகும்? சான்றிதழ் கேட்டால் பலரும் யூஎன் 38.3 தாளைக் காட்டுவார்கள். அது பேட்டரியைப் பாதுகாப்பாக ஏற்றி அனுப்புவதற்கான சோதனை. ஆண்டுக்கணக்கில் வண்டியில் பயன்படுவதற்கான பாதுகாப்பைப் பற்றி அது பேசுவதில்லை. ஐஇசி 62619 தரத்தின்படி சோதிக்கப்பட்டதா, சோதனை அறிக்கையில் இருக்கும் மாதிரி எண்ணும் பேட்டரியின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

ஃபியூஸில் சிக்கனம் பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். லித்தியம் பேட்டரியின் இரு முனைகளும் நேராக இணைந்து ஷார்ட் ஆனால் சில ஆயிரம் ஆம்பியர் பாயக்கூடும். மலிவான ஃபியூஸ் உருகினாலும், உருகிய இடைவெளியில் மின்வில் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி) தொடர்ந்து எரிந்துகொண்டே இருக்கலாம். அப்போது ஃபியூஸ் இருந்தும் இல்லாததுதான். எவ்வளவு பெரிய ஷார்ட் மின்னோட்டத்தை அறுக்க வல்லது என்ற எண் ஒவ்வொரு ஃபியூஸுக்கும் உண்டு. கிளாஸ்-டி (Class T) வகை 20,000 ஆம்பியர் வரை தாங்கி அறுக்கும். பெரிய இன்வெர்ட்டர் உள்ள வண்டிகளில் நான் அதைத்தான், பேட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், பொருத்துகிறேன்.

மீதம் எவ்வளவு இருக்கிறது என்பதை வோல்ட் மீட்டரைப் பார்த்துச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டியதுதான். இந்த வகையின் மின்னழுத்தம் 80 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடு வரை கிட்டத்தட்ட மேசைபோல் சமமாக இருந்துவிட்டு, முடிவில் மலைச்சரிவாக இறங்கும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் ஷண்ட் வகை அளவி அவசியம்; எதிர்முனையிலிருந்து கிளம்பும் எல்லாக் கம்பியும் அதன் வழியாகவே போக வேண்டும், ஒன்று தப்பினாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

விடுமுறை முடிந்து மூன்று மாதம் வண்டியை நிறுத்தி வைப்பதானால், முழுதும் நிரப்பி வைக்காமல் பாதியளவு சார்ஜில், பிரதான சுவிட்சை அணைத்து விட்டுச் செல்லுங்கள். புதிதாகப் பொருத்தியவர்கள் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை பெட்டியைத் திறந்து, முனைகளின் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்குச் சரிபாருங்கள். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருந்த அந்தத் தம்பி 200 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ள பேட்டரிக்கு மாறி ஒரு மாதம் கழித்துச் சோதனைக்கு வந்தபோது, நேர்முனை லக்கின், அதாவது கம்பி நுனியில் உள்ள உலோக வளையத்தின், ஓரம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. போல்ட்டு கால் சுற்றுத் தளர்ந்திருந்தது, அவ்வளவே. லக்கை மாற்றி, முனையைத் துடைத்து, இறுக்கி அனுப்பினேன்.