பி.பி. 150/90 என்று மட்டும் எழுதினால் போதாது

நோயாளியின் பதிவில் "பி.பி. 150/90" என்று இருக்கிறது. உட்கார வைத்துப் பார்த்ததா, படுக்க வைத்தா? பருமனான கைக்குச் சின்ன கஃப் (கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டை) கட்டியிருந்தால் ரத்த அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். அது தெரியாமல் மாத்திரையின் அளவைக் கூட்டலாமா? பேப்பர் கேஸ் ஷீட் காலத்தில் சந்தேகம் வந்தால் வார்டு சிஸ்டரிடம் கேட்டுவிடலாம். மின்னணுப் பதிவு ஊர் தாண்டிப் போகிறது. அங்கே கேட்க ஆள் கிடையாது.

பொது மருத்துவம் பார்த்துக்கொண்டே மருத்துவமனை மென்பொருள்களின் தரவு வடிவமைப்பிலும் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாலே பதிவு பத்திரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஏற்றிய தகவலின் அர்த்தமும் கூடவே போகிறதா என்பதுதான் என் கவலை.

இதற்கு நல்ல விடை, மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான ஓப்பன்-இ.எச்.ஆர். என்ற திறந்த தரநிலையில் இருக்கிறது. 1990களில் ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்தது இது. மென்பொருளின் கட்டமைப்பு தனி, மருத்துவ அர்த்தம் தனி என்று பிரித்துவிடுகிறார்கள். ரத்த அழுத்தம், ஒவ்வாமை, பிரசவ விவரம் என ஒவ்வொன்றுக்கும் 'ஆர்க்கிடைப்' என்ற வரையறை உண்டு. அதை எழுதுவதிலும் சரிபார்ப்பதிலும் மருத்துவர்களும் செவிலியர்களும் நேரடியாகப் பங்கெடுக்கிறார்கள். இணையத்தில் யாரும் படிக்கலாம், கருத்தும் சொல்லலாம்.

ரத்த அழுத்த ஆர்க்கிடைப்பில் மேல் அளவு, கீழ் அளவு மட்டுமல்ல, நோயாளி இருந்த நிலை, கஃப் அளவு, அளந்த இடம், கருவி எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும் என்பதில்லை. சின்ன கிளினிக்கில் இரண்டு எண்கள் போதும் என்றால் சரி. ஆனால் நிலையைப் பதிந்தால், எந்த மருத்துவமனையிலும் அது அதே இடத்தில்தான் உட்காரும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்திருக்கிறதா என்று மென்பொருளே பார்த்துச் சொல்ல முடியும். தலைசுற்றி விழும் முதியவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருப்பது என்னை இன்னும் பயமுறுத்துகிறது. கேட்டு, இல்லை என்று தெரிந்துகொண்டார்களா? கேட்கவே இல்லையா? பெனிசிலின் ஊசி போடுவதற்கு முன் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. நல்ல தரவு மாதிரியில் 'இல்லை' என்பதும் 'தகவல் இல்லை' என்பதும் வேறு வேறு பதிவுகள். அதேபோல 'சர்க்கரை நோய்' என்றால் அது நோயாளிக்கா, அவருடைய அம்மாவுக்கா என்பதும் தெளிவாக இருக்கும்.

அப்புறம் எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவான குறியீடுகளும் தரநிலைகளும். நோய்களுக்கு ஸ்னோமெட் சி.டி., ஆய்வகச் சோதனைகளுக்கு லாய்ங்க், தகவல் பரிமாற்றத்துக்கு ஃபயர். ஸ்னோமெட்டில் இந்தியா உறுப்பினர் என்பதால் இங்கே அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. அலகையும் கூடவே எழுத வேண்டும். லண்டனிலிருந்து வருபவரின் ரிப்போர்ட்டில் சர்க்கரை 7 (மில்லிமோல்/லிட்டர்) என்று இருக்கும். நம் ஊர்க் கணக்கில் அது 126 (மில்லிகிராம்/டெசிலிட்டர்).

மத்திய அரசின் மின்னணு மருத்துவப் பதிவுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்குமான 14 இலக்க ஆபா என்ற சுகாதார அடையாள எண்ணோடு பதிவுகளை இணைக்கலாம், ஃபயர் அடிப்படையிலான வடிவங்களும் தரப்பட்டிருக்கின்றன. ஸ்கேன் செய்த காகிதத்தையும் இணைக்க முடியும். சின்ன கிளினிக்குகள் எங்காவது தொடங்க வேண்டுமே, அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தோடு நின்றுவிட்டால், மருந்து எழுதும் நேரத்தில் மென்பொருள் நம்மை எச்சரிக்கும் என்று நம்ப முடியாது.

"இத்தனை கட்டம் நிரப்பினால் ஓ.பி. எப்போது பார்ப்பது?" என்று சக மருத்துவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் கட்டத்துக்குள் அடைக்கத் தேவையில்லை. நோய்ப் பட்டியல், மருந்து, ஒவ்வாமை, முக்கிய அளவீடுகள், ஆய்வக முடிவுகள் ஆகியவற்றுக்கு ஒழுங்கு போதும். நோயாளி சொன்ன கதையை அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

மென்பொருள் வாங்கப் போகும் மருத்துவமனைகள் விற்பவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் எங்கள் தரவு குறியீடு, அலகு, தேதியோடு முழுசாகக் கிடைக்குமா? பதிலை வாய்வார்த்தையாக விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கையெழுத்துக்கு முன்பே சில மாதிரிப் பதிவுகளை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.